பேதி மருந்து முதல் பொடித் தண்ணீர் வரை: குடல் சுத்தத்தின் கதை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. ஆனால் ஒரே ஒரு நாள் குடிக்க வேண்டிய மருந்தையே முழுதாகக் குடித்து முடிக்க முடியாமல் உலகம் முழுக்கப் பலர் திணறுகிறார்கள். பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனைக்கு முன்னால் குடிக்கிற பேதி மருந்துதான் அது. பரிசோதனை என்னவோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஒரு நாள்தான் பெரும்பாடு! அந்த ஒரு நாள் சரியாக நடக்காவிட்டால் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் குடலுக்குள் ஒன்றும் சரியாகத் தெரியாது.

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது. அதில் ஒரு பங்கு அருப்புக்கோட்டையைத் தாண்டி திருச்சுழி, பரளச்சி என்று விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமிக்கும் உண்டு.

பேதி நாள்

கிராமத்து வீடுகளில் பேதிக்குக் கொடுப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் பிணி அணுகா விதி, நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து சாப்பிடச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து நடந்தவர்கள் எத்தனை பேரோ, ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளை உட்கார வைத்து விளக்கெண்ணெய் கொடுக்கும் பாட்டிகள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள்.

அந்த நாள் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாள் முன்கூட்டியே குறிக்கப்படும். விடிந்ததும் வெறும் வயிற்றில் மருந்து. டம்ளரைப் பிடித்துக்கொண்டு பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். குடித்து முடிக்கும் வரை அவர் நகர மாட்டார். அன்றைக்குக் காட்டு வேலை கிடையாது, வெளியூர்ப் பயணம் கிடையாது. நடுநடுவே வெந்நீர். மதியம் வீட்டில் எல்லோருக்குமே ரசம் சோறோ மோர்ச் சோறோதான். பேதி நிற்கவில்லை என்றால் என்ன கொடுப்பது என்பதும் வீட்டுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் மருந்து குடிப்பவனின் மன உறுதியை நம்பி விட்டது எதுவுமே இல்லை! நாள், ஆள், சாப்பாடு, ஓய்வு எல்லாவற்றையும் வீடே பார்த்துக்கொண்டது.

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கைக்குழந்தைக்குக் கூட விளக்கெண்ணெய் புகட்டியதால் நீர்ச்சத்து வற்றி ஆபத்தான குழந்தைகளும் உண்டு. குழந்தைகளுக்கு அப்படிக் கொடுக்கவே கூடாது என்பது இன்றைய மருத்துவம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழைய பேதியில் ஐந்தாறு முறை போனால் வயிறு சுத்தம் என்று கணக்கு. உள்ளே எட்டிப் பார்க்க யாரும் கிடையாது. இந்த ஐந்தாறு முறை என்ற கணக்கு பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டு வருகிறது.

உலகம் சுற்றிய நிலாவரை

விளக்கெண்ணெய்க்கு அடுத்தபடியாகத் தென்னாட்டின் பேதி மருந்து நிலாவரை. நிலவாகை என்றும் சொல்வார்கள். தெற்கே சில ஊர்களில் வியாபாரிகள் இதையே அவுரி என்றும் சொல்வதுண்டு. சாயம் எடுக்கும் அவுரி வேறு, இது வேறு. இதன் பூர்வீகம் அரேபியாவும் அதற்கு எதிர்க்கரையான வடகிழக்கு ஆப்பிரிக்காவும். சனா என்ற அரபுப் பெயர்தான் ஆங்கிலத்தில் சென்னா ஆனது. அரபு மருத்துவர்கள் மூலமாக இந்த இலை மருத்துவ நூல்களுக்குள் வந்தது. ஐரோப்பியர்கள் இதை எகிப்தின் அலெக்சாண்ட்ரியா துறைமுகம் வழியாக வாங்கினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற வணிகர் இதைப் பயிரிட்டு லண்டன் சந்தைக்கு அனுப்பினார். இலை பெரிதாக, குச்சியும் குப்பையும் இல்லாமல் சுத்தமாக இருந்ததால் மதிப்பு ஏறியது. தின்னவெல்லி சென்னா என்ற பெயரே மருந்து நூல்களில் நிலைத்துவிட்டது. மழையை மட்டும் நம்பி, அதிகச் செலவில்லாமல் வளரும் பயிர் என்பதால் பழைய திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களுக்கு இது பொருந்திப் போனது. பரளச்சி இருக்கும் திருச்சுழிப் பகுதியும் 1985ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை ராமநாதபுரத்தோடுதான் இருந்தது. இலையையும் காயையும் உலர்த்தி, தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏற்றினார்கள். இன்றைக்கும் ஏற்றுமதி நடக்கிறது.

1941ல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்பவரும் அவரது குழுவினரும் இந்த இலையிலிருந்து சென்னோசைடு என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். இது வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. சிறுகுடலில் பெரும்பகுதி அப்படியே கடந்து போகும். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து மாற்றிய பிறகுதான் குடல் தசை முடுக்கிவிடப்படும். அதனால்தான் ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்கிறது. 20ஆம் நூற்றாண்டில், குடலை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் சுத்தம் செய்ய மருத்துவமனைகள் பயன்படுத்தியவை விளக்கெண்ணெய், சென்னா, எனிமா ஆகியவையே. பாட்டி வைத்தியமும் ஆஸ்பத்திரி வைத்தியமும் அதுவரை ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தன.

குடலுக்குள் ஒரு கண்

1954ல் லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்பவரும், பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெல்லிய கண்ணாடி இழைகளைக் கத்தையாகக் கட்டினால், வளைந்த வழியிலும் ஒரு படத்தைக் கடத்தலாம் என்று அதில் காட்டினார்கள். 1957ல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழையை வைத்து இரைப்பையைப் பார்க்கும் வளையும் குழாயைச் செய்தார். 1969ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள், பெருங்குடலுக்குள் குழாயை விட்டு, அங்கே முளைத்திருந்த பாலிப் என்ற சதை மொட்டை வயிற்றைக் கிழிக்காமலேயே வெட்டி எடுத்தார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்தச் சதை மொட்டில் இருந்துதான் தொடங்குகின்றன. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் அந்தப் புற்று வராது. 1993ல் வெளியான அமெரிக்க தேசிய பாலிப் ஆய்வு, மொட்டுகளை எடுத்துவிட்டவர்களுக்குப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாகக் காட்டியது. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையே நோயைத் தடுக்கவும் செய்கிறது!

1985 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ஒரு சின்ன பாலிப்பை எடுக்கத்தான் மருத்துவமனைக்குப் போனார். குழாய் விட்டுப் பார்த்தபோது உள்ளே பெரியதாக இன்னொன்று இருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. எடுத்ததில் புற்று இருந்தது. அந்தச் சில மணி நேரத்துக்கு நாட்டின் அதிகாரம் துணை ஜனாதிபதி புஷ் கையில் இருந்தது.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை. குடல் சுவர் பளிச்சென்று தெரிய வேண்டும். சில மில்லிமீட்டர் அளவுள்ள மொட்டு ஒரு துளி மலத்துக்கு அடியில் மறைந்துவிடும். 2011ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள், குடல் சரியாகச் சுத்தமாகாதவர்களை மறுபடி வரவழைத்துப் பார்த்த கணக்கை வெளியிட்டார்கள். இரண்டு பரிசோதனையிலும் சேர்த்துக் கிடைத்த மொட்டுகளில் 42 சதவீதம் இரண்டாவது முறைதான் கண்ணில் பட்டன. அரைகுறைச் சுத்தத்தோடு செய்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினால், அது பொய்யான நிம்மதியாகப் போய்விடலாம்.

மருந்து மாறிய கதை

ஐந்தாறு முறை பேதி போவது இந்த வேலைக்குப் போதவில்லை. 1970களில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு 10 லிட்டர் அளவுக்கு உப்புத் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பார்த்தார்கள். குடல் சுத்தமானது. ஆனால் உப்பையும் தண்ணீரையும் உடம்பு உறிஞ்சிக்கொண்டது. இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

அடுத்து மானிட்டால் என்ற சர்க்கரைப் பொருள். குடிக்க இனிப்பாக இருக்கும். ஆனால் குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். 1979ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு உலகையே அதிர வைத்தது. மானிட்டால் குடித்த ஒருவருக்கு மின்சாரக் கம்பியால் பாலிப்பை எடுக்கும்போது குடலுக்குள் வாயு வெடித்து அவர் இறந்துபோனார்.

1980ல் டல்லஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரானும் அவரது சகாக்களும் வேறு வழி கண்டார்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளை உடம்பு உறிஞ்சாது. அது தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு சரியான அளவில் உப்புகளைச் சேர்த்தால், குடித்த தண்ணீர் உடம்புக்குள் போகாமல், உடம்புத் தண்ணீரும் வெளியேறாமல், குடலைக் கழுவிக்கொண்டு அப்படியே வெளியே வரும். சந்தையில் அதற்கு வைத்த பெயர் கோலைட்லி, அதாவது மெல்லப் போ! குடித்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு மெல்லப் போகும் என்று. இந்தியாவிலும் இதே வகைப் பொடி பெக்லெக் போன்ற பெயர்களில் கிடைக்கிறது.

பாதுகாப்பான மருந்துதான். ஆனால் 4 லிட்டர்! அதுவும் உவர்ப்பும் வழவழப்புமாக. பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். அளவு குறைவாக இருந்தால் குடிப்பார்களே என்று சோடியம் பாஸ்பேட் கரைசல் பரவலானது. அளவு குறைந்தது, ஆனால் சிலருக்கு சிறுநீரகம் பழுதானது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் அதன் பயன்பாடு சுருங்கியது. இன்று நல்ல ஆரோக்கியமாக உள்ளவர்களுக்கு 2 லிட்டர் முறைகளே பெரும்பாலும் போதும் என்ற நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது.

யார் குற்றம்?

குடல் சுத்தமாகவில்லை என்றால் "சொன்னபடி குடிக்கலை" என்று நோயாளியைக் கடிந்துகொள்வதுதான் வழக்கம். 2001ல் அமெரிக்காவில் நெஸ் என்பவரும் குழுவினரும் 649 பேரை ஆராய்ந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் குடல் சரியாகச் சுத்தமாகவில்லை. அப்படிச் சுத்தமாகாதவர்களில் சொன்னபடி செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் வெறும் 18 சதவீதம்தான்.

ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் வேறு காரணங்களும் வெளியே வந்தன. மலச்சிக்கல் உள்ளவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், ஏற்கெனவே வார்டில் படுத்திருப்பவர்கள் ஆகியோருக்குச் சுத்தம் கெட்டது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பரிசோதனை நேரம் தள்ளிப் போகப் போகச் சுத்தம் குறைந்தது. முந்தின நாள் சாயங்காலமே முழு மருந்தையும் குடித்து முடித்தவருக்கு, ராத்திரி முழுக்கச் சிறுகுடலில் இருந்து பித்தநீர் கலந்த பிசுபிசுப்பான கழிவு இறங்கிப் பெருங்குடலின் வலது பக்கத்தில் படிந்துவிடுகிறது. அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தாலும் இது நடக்கும்!

இதற்குக் கண்ட தீர்வு இரண்டு தவணை. பாதி மருந்து முந்தின நாள் சாயங்காலம், மீதிப் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்னால். விடியற்காலையில் எழுந்து யார் குடிப்பார்கள் என்று டாக்டர்களே சந்தேகப்பட்டார்கள். கேட்டுப் பார்த்தபோது பெரும்பாலோர் சம்மதித்தார்கள். ஒரேயடியாக 4 லிட்டர் குடிப்பதைவிட இது பரவாயில்லை என்றார்கள். 2014ல் அமெரிக்க நிபுணர் குழு இரண்டு தவணையையே பரிந்துரைத்தது.

இந்த வரலாறு முழுக்க ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளிகளைத் திட்டியதால் முன்னேற்றம் வரவில்லை. மருந்தின் அளவை, ருசியை, நேரத்தை மாற்றியபோதெல்லாம் அதே நோயாளிகள் குடித்தார்கள்.

பரளச்சிக்கு வரும் சீட்டு

இப்போது அந்தச் சீட்டு கரிசல் காட்டுக்கு வருகிறது. இந்தியாவில் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி என்ற அரசுத் திட்டம் இல்லை. 2016ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கானது. குடல் புற்று மேலை நாடுகளைவிட இங்கே குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் ரத்தப்போக்கு, காரணம் தெரியாத ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்று என்று வருகிறவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது இதே பரிசோதனைதான், இதே பொடிதான்.

பரளச்சி போன்ற ஊரில் இருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் காலை 8 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் தவணையை அதிகாலை 3 மணி வாக்கில் குடிக்க வேண்டும். பிறகு அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் பஸ். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. விவரம் தெரிந்த ஆள் என்ன செய்வார்? இரண்டாம் தவணையைக் குடிக்காமல் பஸ் ஏறுவார்! அதை அடங்காமை என்று சொல்ல முடியுமா? மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். அவருக்கு மதியத்துக்கு மேல் நேரம் கொடுத்தாலோ, முந்தின நாளே மருத்துவமனையிலோ மதுரைச் சொந்தக்காரர் வீட்டிலோ தங்கச் சொன்னாலோ பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது சாப்பாடு. சீட்டில் "திரவ உணவு மட்டும்" என்று இருக்கும். கம்பங்கூழும் திரவம்தானே! மோரும் பால் காப்பியும் திரவம்தானே! ஆனால் தேவைப்படுவது அடியில் இருப்பது தெரிகிற தெளிந்த திரவம். இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, சீனித் தண்ணீர், பால் சேர்க்காத காப்பி இப்படி. நன்னாரி சர்பத்தும் ரோஸ் நிறக் கலரும் ஆகாது. சிவப்புச் சாயம் உள்ளே ரத்தம் போலத் தெரியும். கம்பு, சோளம், கேப்பை, கீரை, தக்காளி விதை, கொய்யா எல்லாம் உடம்புக்கு நல்லவைதான். ஆனால் பரிசோதனைக்கு முன் அவற்றின் சக்கையும் விதையும் குடலில் தங்கிப் பார்வையை மறைக்கும். இட்லியும் வெள்ளைச் சோறும் அப்போது உத்தமம். வேற்று நாட்டுச் சீட்டில் இருக்கும் ஆப்பிள் ஜூஸையும் ஜெல்லியையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

தண்ணீரும் கழிப்பறையும் அடுத்தவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் அதிலேயே பொடியைக் கரைத்தால் வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீரில் கரைத்து, குளிர வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது சுலபம். வீட்டில் கழிப்பறை இல்லாமலோ, இருந்தும் தண்ணீர் வராமலோ இருந்தால், பத்துப் பதினைந்து முறை போக வேண்டிய ஒரு பெண் குடிப்பதைத்தான் குறைத்துக்கொள்வார். இதை மருந்து கொடுக்கும்போதே கேட்டுவிடலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பழைய கணக்கு. ஐந்தாறு முறை போனதும் வயிறு சுத்தமாகிவிட்டது என்று மீதி மருந்தைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. எத்தனை முறை என்பது கணக்கே இல்லை. கழிவு, சக்கை எதுவும் இல்லாத இளமஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். அப்படிப் போக ஆரம்பித்தாலும் மருந்தை முழுதாக முடிக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லித் தந்தாலே பல பரிசோதனைகள் வீணாகாது. சர்க்கரை மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பொடிக்குப் பதிலாக வீட்டில் விளக்கெண்ணெய், நிலாவரை என்று தாங்களாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

முடிவாக...

குடல் சுத்தமாகாமல் திருப்பி அனுப்பப்பட்டால் போவது ஒரு நாள் மட்டுமல்ல. இன்னொரு நாள் கூலி, இன்னொரு முறை பஸ் செலவு, துணைக்கு வருபவரின் கூலி, மறுபடி ஒரு நாள் பட்டினி. பலர் இரண்டாவது முறை வரவே மாட்டார்கள். உள்ளே இருக்கும் மொட்டு மட்டும் காத்திருக்காமல் வளரும்.

பாட்டி கொடுத்த மருந்து இன்று வேண்டாம். பாட்டி பக்கத்தில் நின்றாரே, அது வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். சீட்டை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அலாரம் வையுங்கள். பொடியை நீங்களே கரைத்துக் கொடுங்கள். அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு வைக்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அவரோடு சேர்ந்து நீங்களும் எழுந்திருங்கள். நாற்பது வருட ஆராய்ச்சி மருந்தைக் குடிக்கக்கூடியதாக மாற்றியிருக்கிறது. மீதி வேலை வீட்டில்தான் இருக்கிறது.